கடன் பட்டு வாங்கிய வனம்

ஸான் பிரான்ஸிஸ்கோவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறீர்களா? கோல்டன் கேட் பாலத்தைக் கட்டாயம் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, "இன்னும் பன்னிரண்டு மைல்தானாம், மியூர் வனத்துக்கும் அழைத்துப் போ" என்று கேளுங்கள். காரை நிறுத்த முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2018 முதல் இந்தக் கண்டிப்பு. கம்பளிச் சட்டையையும் மறந்துவிடாதீர்கள். கோடைக்காலம்தானே என்று மெல்லிய புடவையோடு போய் நான் நடுங்கிய நடுக்கம் எனக்கல்லவா தெரியும்!

உள்ளே நுழைந்ததும் உங்கள் குரல் தானாகவே தணிந்துவிடும். இருபுறமும் ரெட்வுட் மரங்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், உச்சி தெரியாது. மிகப் பெரியது 250 அடிக்கும் மேல். பலவற்றுக்கு வயது 600, 800! கோடையில் அங்கே மழை அபூர்வம். பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி இலைகளில் தங்கி, சொட்டுச் சொட்டாக இறங்கி வேரை நனைக்கிறது. தாய் மரம் தீயில் கருகி மடிந்தால், அதன் அடியிலிருந்து கன்றுகள் கிளம்பி வட்டமாக நின்று வளர்கின்றன. தாய் இருந்த இடம் மட்டும் நடுவில் வெறுமையாக இருக்கிறது. அதற்குக் 'குடும்ப வட்டம்' என்று பெயராம். அந்த வட்டத்துக்குள் சிறிது நேரம் நின்று பாருங்கள்.

இந்த வனமே ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்ததுதான். 1905ல் வில்லியம் கென்ட் என்பவர் 611 ஏக்கரை 45,000 டாலருக்கு வாங்கினார். கைப்பணம் போதாமல் கடன் வேறு. மனைவி எலிஸபெத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பிள்ளைகுட்டி உள்ள வீட்டில் எந்த இல்லத்தரசிக்குத்தான் கவலை வராது? 'இருப்பதெல்லாம் போனாலும் இந்த மரங்கள் பிழைத்தால் போதாதா?' என்ற பாவனையில் பதில் சொன்னாராம் கணவர். புருஷர்களுக்கு இப்படிப் பேசுவது சுலபம்!

ஆனால் அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1917ல் வெள்ளை மாளிகை வாசலில் மறியல் செய்து கைதானவர்.

1907ல் வந்தது சங்கடம். தண்ணீர்க் கம்பெனி ஒன்று அங்கே அணை கட்டுவதற்காக நிலத்தைக் கைப்பற்ற வழக்குத் தொடுத்தது. வனம் முழுகிப் போயிருக்கும். கென்ட் யோசித்தார். அரசாங்கத்தின் நிலத்தைக் கம்பெனி எப்படிப் பறிக்க முடியும்? 295 ஏக்கரை அப்படியே மத்திய அரசாங்கத்துக்குத் தானமாக எழுதிவிட்டார். 1908 ஜனவரி 9ந் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். பிரகடனத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கின்றன.

வனத்துக்குக் கென்டின் பெயரையே வைக்கலாம் என்றார் ரூஸ்வெல்ட். கென்ட் சம்மதிக்கவில்லை. காடுகளுக்காகப் பாடுபட்ட ஜான் மியூரின் பெயர்தான் வேண்டுமென்றார். தமக்கு ஐந்து பையன்கள் இருப்பதாகவும், அவர்களால் தம் பெயர் நிலைக்காவிட்டால் அது மறந்தே போகட்டும் என்றும் எழுதிவிட்டார்.

கிளைப் பாதையில் கொஞ்ச தூரம் போனால் கென்டுக்குப் பிடித்தமான மரத்தைப் பார்க்கலாம். அது ரெட்வுட் அல்ல, டக்ளஸ் பர் என்ற இனம். 2003ல் சாய்ந்துவிட்டது. விழுந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள்.