கார்த்திகைத் திரியில் ஏறிய சிவப்பு

மிச்சிகனில் நவம்பர் பிறந்துவிட்டால் காலையில் எந்தக் காரைக் கிளப்பினாலும் பின்னால் வெள்ளையாகப் புகை வரும். குளிரில் நீராவி அப்படித்தான் தெரியும். அதனால்தான் எங்கள் கார் விட்ட புகையை வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை.

அது 1984. எனக்கு ஒன்பது வயது. இப்ஸிலான்டி என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பா கோயம்புத்தூர்க்காரர், பீளமேட்டில், பம்ப் செட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர். இங்கேயும் ஒரு ஃபவுண்டரியில்தான் வேலை. எங்கள் கார் 1971ஆம் வருடத்து செவர்லே நோவா. பாசிப்பச்சை நிறம், இரண்டே கதவு, எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் கையில் இருந்து வந்தது.

அப்பா கார் ஓட்டப் பழகியது பெரியப்பாவின் அம்பாசடரில். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கம்பியை மேலும் கீழும் தள்ளிக் கியர் போடும் வண்டி அது. நோவாவிலும் கம்பி ஸ்டீயரிங் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை ‘டி’க்குக் கொண்டுவந்துவிட்டால் மூன்று கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும். கிளட்ச் கிடையாது. ஆனாலும் கியர் மாறும் அந்த நொடியில் அப்பாவின் இடது கால் லேசாக எழும்பி அமரும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே வருவது எனக்கு ஒரு விளையாட்டு. கால் அசைந்தால் கியர் மாறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நவம்பரில் காலும் கியரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஆயின. அப்பாவின் கால் எழும்பி அமர்ந்து வெகுநேரம் கழித்தும் இன்ஜின் முதல் கியரிலேயே அலறிக்கொண்டிருக்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல ஒரு தூக்கு. சீட்டில் இருந்த என் புத்தகப்பை கீழே விழும்.

அப்பா பானட்டைத் திறந்து கியர்பாக்ஸின் அளவுக்குச்சியை உருவினார். இந்த எண்ணெயை வண்டி சூடாக, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டது அன்றுதான். குச்சியின் நுனியில் மட்டும் ஈரம். ஒரு பாட்டில் ஊற்றினார். நான்கு நாளில் மறுபடி நுனியில் மட்டும் ஈரம். இரவு காருக்கடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைத்தோம். விடிந்ததும் நான்தான் முதலில் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். அட்டையில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

ஒர்க்ஷாப்பில் காட்டினோம். கியர்பாக்ஸையே இறக்கிப் பிரித்து உள்ளே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், நானூறு டாலர் ஆகும் என்றார்கள். எங்கள் வீட்டு வாடகையைவிடப் பெரிய தொகை.

“ஏனுங்க, குடுத்துப் பண்ணிப்போடலாமுங்களா? குளுருல புள்ளைய வெச்சுட்டு நடுரோட்டுல நிக்க முடியாதுங்க” என்றாள் அம்மா.

அப்பா பதில் சொல்லாமல் அளவுக்குச்சியை என் மூக்குக்குக் கொண்டுவந்தார். “கருகின வாசம் வருதா கண்ணு?” இல்லை என்றேன். வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். “பெட்டிக்குள்ள தேஞ்சிருந்தா எண்ணெய் காப்பித்தூளாட்டம் கருத்திருக்கோணும். இது செம்பருத்திச் சாறாட்டம் இருக்குது. சீக்கு உள்ள இல்ல.” அப்படியானால் எண்ணெய் எங்கே போகிறது? அந்தக் கேள்வியோடு இரண்டு நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

பதில் எதிர்வீட்டிலிருந்து வந்தது. அங்கே தனியாக இருந்த வெள்ளைக்காரப் பெரியவரை நாங்கள் வீட்டுக்குள் ‘எதிர்வீட்டுத் தாத்தா’ என்போம். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தெருவைக் கடந்து வந்தார். உங்கள் கார் புகை என் புல்தரையில் படுத்துக்கொண்டே இருக்கிறது, நீராவியாக இருந்தால் பத்தடிக்குள் கரைந்திருக்க வேண்டும் என்றார். அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

தாத்தா இளவயதில் லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1940ஆம் வருட ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் முதலில் வந்த தானியங்கி கியர்பாக்ஸ்தான் ஹைட்ராமேட்டிக். 1953 ஆகஸ்ட் 12 அன்று, கூரையடியில் இரும்பு வெட்டிய டார்ச்சிலிருந்து தெறித்த பொறியில் அந்தத் தொழிற்சாலை முழுதாக எரிந்துபோனது. கியர்பாக்ஸ் கிடைக்காமல் காடிலாக் கார்கள் ப்யூக்கின் டைனாஃப்ளோவையும், பான்டியாக் கார்கள் செவர்லேயின் பவர்கிளைடையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தன. மூன்று மாதத்துக்குள், யுத்தகாலத்தில் பி-24 குண்டுவீச்சு விமானங்கள் செய்த வில்லோ ரன் கட்டடத்தில் கியர்பாக்ஸ் வேலை மறுபடி தொடங்கியது. எங்கள் ஊர் எல்லையில்தான் அந்தக் கட்டடம் இருந்தது. தாத்தாவும் அப்படித்தான் இந்த ஊருக்குக் குடிவந்தார். தீயைப் பற்றிச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, கையிலிருந்த ஸ்பானரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். அட்டை விரித்து அப்பா அடியில் புகுந்தார், டார்ச்சோடு நானும். கியர்பாக்ஸின் வலப்பக்கம், பின்கோடியில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரக் குடுவை. இன்ஜினிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் வழியாக அதில் சேருகிறது. வேக்குவம் மாடுலேட்டர் என்று தாத்தா வெளியிலிருந்து பெயர் சொன்னார்.

ஹோஸைக் கழற்றச் சொன்னார். குடுவையின் மூக்குக்குள் விட்டுப் பார்க்கப் பஞ்சு சுற்றிய குச்சி வேண்டும் என்றார். நான் உள்ளே ஓடினேன். கார்த்திகை தீபத்துக்கு அம்மா திரி திரித்துத் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், இருந்ததிலேயே இறுக்கமான ஒன்றை எடுத்துப் பல்குத்தும் குச்சியில் சுற்றிக் கொடுத்தாள்.

“டார்ச்ச ஆட்டாமப் புடி கண்ணு.”

அப்பா திரியை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தார். பாதித் திரி சிவந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தபோது சிவப்பு மெதுவாக மேலேறி, வெள்ளைப் பஞ்சின் எஞ்சிய பாதியிலும் பரவியதை நாங்கள் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு கிடந்தோம். காற்று மட்டுமே இருக்க வேண்டிய இடம் அது.

குடுவைக்குள் ஒரு ரப்பர் சவ்வு உண்டு. அதன் ஒரு பக்கம் இன்ஜினின் உறிஞ்சல், மறுபக்கம் கியர்பாக்ஸ் எண்ணெய். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் உறிஞ்சல் பலமாக இருக்கும், அழுத்தி மிதித்தால் குறையும். அதை வைத்துத்தான் வண்டி எவ்வளவு பாரத்தில் ஓடுகிறது என்று கியர்பாக்ஸ் தெரிந்துகொள்கிறது. பதின்மூன்று வருடச் சூட்டில் சவ்வு கிழிந்துவிட்டது. கிழிசல் வழியாகக் கியர்பாக்ஸ் எண்ணெயை இன்ஜின் உறிஞ்சிக் குடித்து எரித்துப் புகையாக விட்டிருக்கிறது. உறிஞ்சல் சரியாக எட்டாததால், மிதியை முழுக்க மிதித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கியர்பாக்ஸ் தாமதமாகவும் முரட்டுத்தனமாகவும் கியர் மாற்றியிருக்கிறது. காணாமல்போன எண்ணெய், புகை, அந்த உதை மூன்றுக்கும் அந்த ஒரு கிழிசல்தான் காரணம். தாத்தா ஆங்கிலத்தில் விளக்கியதை அப்பா எனக்குத் தமிழில் மறுபடி சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவ்வளவு சந்தோஷமாக அவரை அந்த ஊரில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

புது மாடுலேட்டர் பத்து டாலருக்கும் குறைவு. ஒரே ஒரு போல்ட், அரை இஞ்ச் ஸ்பானர். பழையதை உருவும்போது உள்ளிருந்து விரல்நீளத்தில் ஒரு சின்ன வால்வு நழுவி விழலாம், அதைத் தவறவிடக் கூடாது என்று தாத்தா இரண்டு முறை எச்சரித்தார். என் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தச் சொன்னார் அப்பா. குடுவை வந்தது, கூடவே ஒரு வாய் எண்ணெய், அதற்குப் பின்னால் அந்த வால்வு. என் உள்ளங்கையில் விழுந்தபோது வெதுவெதுப்பாக, வழவழவென்று, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அப்பா அதைத் துடைத்து, எண்ணெயில் நனைத்து, திரும்ப உள்ளே விட்டார். புது ஓ-ரிங்கிலும் விரலால் எண்ணெய் தடவி, குடுவையை அழுத்திப் பொருத்தினார். புதிய ஹோஸை மாட்டிவிட்டு அதைச் சற்றுநேரம் விரல்களால் பிடித்தபடியே கிடந்தார்.

எண்ணெய் ஊற்றி, சூடாக்கி, அளவு பார்த்துவிட்டுக் கிளம்பினோம். பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை தெருமுனை வரைக்கும் கொஞ்சம் புகை. அதன்பின் பத்தடியில் கரையும் வெறும் நீராவி. தாத்தா நடைபாதையில் நின்று காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தெருவைப் பார்க்கவில்லை. அப்பாவின் இடது காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் எழும்பியது, அமர்ந்தது. இன்ஜினின் சத்தம் அதோடு சேர்ந்து தணிந்தது.