எல்லோரும் ஏறும் வண்டி

நம் நாட்டில் கார் வாங்குவோர்க்கு ஒரு காலத்தில் தெரிவு என்பதே அரிதாயிருந்தது. அம்பாசடர், பிரிமியர் பத்மினி போன்ற இரண்டு மூன்று வண்டிகளுள் ஒன்றிற்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னரே நடுத்தரக் குடும்பங்களின் வாயிலில் கார் நிற்கத் தொடங்கிற்று. 2014 இல் அம்பாசடரின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. இன்றோ வண்டிகளின் மிகுதியே வாங்குவோரைத் திகைக்க வைக்கின்றது.

எங்கள் இல்லத்தில் தாயார், நாங்கள் இருவர், மக்கள் நால்வர் என எழுவர். கார் வாங்கும் பேச்சு எழுந்தபோது, வேலைக்குச் சேர்ந்துவிட்ட மூத்த மகன் வோல்க்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி.யை விரும்பினான். எங்கள் மனமோ மாருதி சுசுகி எர்டிகாவை நாடிற்று. இளையோரின் விருப்பத்தை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாகாது என்பதால், இரண்டையும் நடுநிலையோடு ஒப்பிட முனைந்தோம்.

இரண்டும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டவையே. ஆயினும் எர்டிகாவின் ஆற்றல் ஏறத்தாழ 103 குதிரைத்திறன். விர்டஸின் ஆற்றல் 150. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளுவதே இவ்வேற்றுமைக்குக் காரணம். மலைப்பாதையில் ஏறும்போதும், லாரியை முந்தும்போதும் இதன் பயன் விளங்கும். எதிர்வரிசையில் வண்டி நிற்கும் நேரம் குறைவது பாதுகாப்பே அன்றோ? குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் 2023 இல் விர்டஸ் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. எர்டிகா 2019 இல் பெற்றவை மூன்றே. எர்டிகாவின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் வைக்கப்பட்டது 2025 இல்தான். நால்வர் கொண்ட குடும்பமாயின், மகனின் பக்கமே நாங்களும் நின்றிருப்போம்.

ஆனால் விர்டஸில் இருக்கைகள் ஐந்து. எழுவர் ஏறினால் என்ன நேரும் என்பதை நாம் அன்றாடம் சாலையில் காண்கின்றோம்: ஒரு பிள்ளை மடியில், இன்னொரு பிள்ளை இருவர் இடையே. அவ்விருவர்க்கும் இருக்கைப் பட்டை இல்லை. சோதனையில் பெறும் நட்சத்திரங்களோ பட்டை அணிந்தோர்க்கு உரியவை. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிர மாநிலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி சென்ற விலையுயர்ந்த கார் பாலத்தில் மோதியபோது, பின்னிருக்கையில் இருந்த அவரும் மற்றொருவரும் உயிரிழந்தனர். அவ்விருவரும் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை அறிவித்தது. உறுதியான வண்டியும் பட்டை அணியாதவரைக் காக்க இயலாது.

வேகத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 120 இல் 80 மீட்டர் தேவைப்படும். எத்தனை குதிரைத்திறன் இருப்பினும் இக்கணக்கு மாறுவதில்லை.

எர்டிகாவிலும் குறை உண்டு. மூன்று வரிசையிலும் ஆட்கள் அமர்ந்தால் பெட்டிகளுக்கு எஞ்சுவது 209 லிட்டர் இடமே. விர்டஸில் 521 லிட்டர். வரியிலும் சலுகை இல்லை. 2025 செப்டம்பர் முதல் சிறிய கார்களுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. நீளத்திலும் எஞ்சின் அளவிலும் வரம்பைக் கடந்த இவ்விரண்டிற்கும் 40 விழுக்காடு. எனினும் விர்டஸ் ஜி.டி.யின் விலை எர்டிகாவைவிடச் சில லட்சங்கள் கூடுதல். அத்தொகை முழுவதும் கடனாகவே எங்கள் தலையில் ஏறும்.

"அப்பா, ஏழு பேரும் சேர்ந்து போவது ஆண்டுக்கு நாலைந்து தடவைதானே?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. விடை சொன்னவர் தாயார்: "அதனாலென்ன ராசா, நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்." அந்த நாலைந்து தடவை என்பவை உறவினர் கலியாணமும், ஊர்த் திருவிழாவும், துக்க வீடும் ஆகும். அவர் காண விரும்பும் முகங்கள் எல்லாம் அங்கேதான் உள்ளன. மகன் அதன்பின் வேறொன்றும் பேசவில்லை. மறுநாள் எர்டிகாவுக்கு முன்பணம் கட்ட அவனே எங்களோடு வந்தான். மூவரிசையிலும் பட்டை அணியாமல் வண்டியை நகர்த்துவதில்லை என்று வீட்டில் விதி செய்துகொண்டோம்.

கார் வாங்க எண்ணும் அன்பர்கள், குதிரைத்திறனையும் நட்சத்திரங்களையும் அவசியம் கேட்டறியட்டும். அதற்குமுன் ஒரு தாளில் வீட்டாரின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் இருக்கையையும் ஒரு பட்டையையும் குறித்துப் பார்க்கட்டும். ஒரு பெயரேனும் விடுபடுமாயின், அவ்வண்டி எத்துணைச் சிறந்ததாயினும் அந்த வீட்டுக்கு உரியதன்று.