கப்பல் ஏறும் காலம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருமயத்தில் எங்கள் மக்தபில் மாலை வகுப்பின் இறுதியில் சிறுவர்கள் சிறிய சூராக்களை ஒன்றாக ஓதுவார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் சூரா குறைஷ் ஓதி முடித்ததும் பத்து வயது மாணவன் ஒருவன் கையை உயர்த்தினான். “உஸ்தாத், குறைஷிகள் குளிர்காலத்தில் ஓர் ஊருக்கும் கோடைக்காலத்தில் வேறோர் ஊருக்கும் ஏன் போனார்கள்? நினைத்தபோது நினைத்த ஊருக்குப் போகக்கூடாதா?” என்று கேட்டான்.

குளிர்காலத்தில் வெப்பமான யமனுக்கும், கோடையில் குளிர்ச்சியான ஷாமுக்கும் அவர்கள் வணிகம் செய்யச் சென்றார்கள் என்றும், பயணத்திற்குக் காலம் பார்ப்பது அறிவுடைமை என்றும், அக்காலத்தை அமைத்துத் தந்தவன் அல்லாஹ் என்றும் விளக்கினேன். அவன் தலையாட்டி அமர்ந்துகொண்டான். எனக்கு மட்டும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. காலம் பார்த்துக்கொண்டே காலத்தைத் தவறவிட்ட ஒருவன்தான் அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தான் என்பது அந்த மாணவனுக்குத் தெரியாது.

என் தாயாருக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. அவர்களுக்கு உடன்பிறந்தவர் ஒரே தம்பி. என் நன்னா யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தார்கள். திருமயத்தில் ரயில் ஏறி, மானாமதுரை வழியாகத் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாரில் இறங்குவது அவர்களுக்குப் பழகிய வழி. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலத்தோடு தொடங்கிய அந்த இணைப்பு, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. 1973இல் பதினாறு வயதில் மாமா அந்தக் கப்பலில்தான் நன்னாவுடன் சென்றார்கள். அங்கேயே மணமுடித்து, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

1980களில் உள்நாட்டுப் போர் அந்தக் கப்பலையும் நிறுத்திவிட்டது. 1990 அக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது மாமாவும் மாமியும் பிள்ளைகளுடன் உடுத்திய உடையோடு புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். போர் முடிந்த பின்னரே யாழ்ப்பாணம் சோனகத் தெருவிற்குத் திரும்பினார்கள். கடைசியாக அவர்கள் திருமயம் வந்தது 2012இல். அம்மா ஒரு முறைகூட அங்கே சென்றதில்லை.

2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியபோது, அந்தச் செய்தியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கடல்வழித் தொலைவு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பயணம். “மெட்ராசுக்குப் போவதைவிடப் பக்கமா?” என்று அம்மா வியந்தார்கள். ஆனால் ‘செரியபாணி’ என்ற அந்தக் கப்பல் ஒரு வாரம் ஓடியதும், வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுச் சேவை நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 அன்று ‘சிவகங்கை’ என்ற வேறொரு கப்பலுடன் மீண்டும் தொடங்கியது.

அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மாமாவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, வாரம் தவறாமல் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவர்களால் இனி வர இயலாது. நாம்தான் போக வேண்டும். “ஏம்ப்பா, எனக்குப் பாஸ்போர்ட் எடுக்கணுமே” என்று அம்மா சொன்னது அந்த ஆகஸ்டில். நான் விண்ணப்பித்தது செப்டம்பர் கடைசியில். மதரஸா ஆண்டு விழா, அரையாண்டுத் தேர்வு, ஒரு திருமணம் என்று என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அக்டோபர் முடிந்துவிட்டது. நவம்பரில் வானிலை காரணமாகக் கப்பல் நின்றது.

கடலோர மக்களிடம் கேட்டால் காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களிலேயே ஆண்டு முழுவதும் அடங்கிவிடும். மேற்கிலிருந்து வருவது கச்சான். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது கப்பல் ஓடினாலும் நடுக்கடலில் ஆட்டம் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் தாழ்வுநிலைகளும் புயல்களும் உருவாகும் காலம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னைகளையும் பலா மரங்களையும் எப்படிச் சாய்த்தது என்பதை நாம் மறக்கவில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில்தான் அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

அரபியில் பருவத்திற்கு ‘மவ்சிம்’ என்று பெயர். ஆங்கிலேயர் சொல்லும் ‘மான்சூன்’ அதிலிருந்து பிறந்ததுதான். பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜித், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த நாளில் பாய் விரிக்க வேண்டும் என்பதையெல்லாம் நூலாக எழுதிவைத்தார். ஃபிக்ஹு கலை வல்லுநர்களும் இதைச் சிந்தித்திருக்கிறார்கள். ஹஜ்ஜுக்குக் கடல்வழி ஒன்றுதான் உண்டு என்றால், அதில் பாதுகாப்பு மிகைத்திருந்தால் மட்டுமே பயணம் கடமையாகும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் குறிப்பிடுகிறார்கள். நம் ஹனஃபி அறிஞர்களின் கருத்தும் இதை ஒட்டியதே. ஹஜ் எனும் கடமைக்கே கடலின் நிலையைப் பார்க்கச் சொல்லும் மார்க்கம், மழைக்காலத்தில் கப்பலை நிறுத்துவதைக் குறையாகக் கருதாது.

ஆகவே கப்பல் நின்றபோது நான் கலங்கவில்லை. மாமா தொலைபேசியில், “கப்பல் எப்ப மருமகனே விடுவாங்க?” என்று கேட்பார்கள். “தை பிறக்கட்டும் மாமா, கடல் அடங்கிவிடும், இன்ஷா அல்லாஹ் வந்துவிடுகிறோம்” என்பேன். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருந்தது. திருச்சியிலிருந்து கொழும்புக்கும் இருந்தது. இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்த்தேன். கடன் வாங்கினால் முடியும். “அம்மாவுக்கு விமானம் என்றால் பயம், கப்பலில் போவதுதான் அவர்களின் ஆசை” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் கேட்கவே இல்லை.

ரஜப் மாதம், 2025 ஜனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை ஸுப்ஹுக்குப் பின் அங்கிருந்து அழைப்பு வந்தது. மாமா வஃபாத்தாகிவிட்டார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்று அஸருக்குப் பின்னர் நல்லடக்கம் செய்தார்கள். பிப்ரவரி 22 அன்று கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

வந்தவர்களெல்லாம், “அல்லாஹ்வின் நாட்டம் ஹஜ்ரத், நாம் என்ன செய்ய முடியும்?” என்று ஆறுதல் சொன்னார்கள். நானும் அதைத்தான் அம்மாவிடம் சொன்னேன். ‘இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே’ என்று சொல்லக் கூடாது, அது ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய ஹதீஸை எடுத்துரைத்தேன். அம்மா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அதே ஹதீஸை ஸஹீஹ் முஸ்லிமில் முழுமையாக எடுத்துப் பார்த்தபோதுதான் என் நெஞ்சில் தைத்தது. அந்த ஹதீஸின் முற்பகுதியில், உனக்குப் பயனளிப்பதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமையில் சோர்ந்து அமர்ந்துவிடாதே என்ற கட்டளைகள் இருக்கின்றன. முயன்று முடித்தவனுக்குத்தான் பிற்பகுதி ஆறுதல். நான் முற்பகுதியைத் தாண்டிக் குதித்துப் பிற்பகுதியில் போய் அமர்ந்திருந்தேன். இருபது ஆண்டுகளாக இதைப் பாடம் நடத்தியவன் நான்.

கடல் மூடியது அல்லாஹ்வின் ஏற்பாடு. அதில் எனக்குக் கேள்வி இல்லை. கடல் திறந்திருந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் நான் தள்ளிப்போட்டது என் செயல். இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, ‘கத்ர்’ என்று பெயர் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. மாமாவின் ஆயுள் ஒரு நொடியும் கூடியிருக்காது என்பதை நான் ஈமான் கொண்டிருக்கிறேன். ஆனால் அக்காளும் தம்பியும் ஒரு முறை முகம் பார்த்திருக்கலாம்.

நோன்புப் பெருநாளுக்குப் பின் ஏப்ரலில், அம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். முந்தைய இரவு நாகூரில் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் நாகப்பட்டினம் துறைமுகம் சென்றோம். கப்பல் தெற்கு நோக்கிச் செல்வதால் கிப்லா நம் வலப்பக்கம் அமையும். கடல் தாம்பாளத்தில் ஊற்றிய நீர்போல அசையாமல் கிடந்தது. அலைகள் மேகங்களைப்போல் சூழும்போது மனத்தூய்மையோடு அல்லாஹ்வை அழைப்பவர்களைப் பற்றிச் சூரா லுக்மானில் வருவதை நினைத்துக்கொண்டிருந்தேன். அலையே இல்லாத கடலில் நான் அவனை அழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இந்தக் கடலாப்பா நம்மளைப் போகவிடாம வச்சிருந்துச்சு?” என்று கேட்டார்கள். “இல்லைம்மா, நான்தான்” என்றேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மாமி இத்தாவில் இருந்ததால் அம்மா மட்டும் உள்ளே சென்றார்கள். நான் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். உள்ளிருந்து இருவரும் அழும் ஒலி கேட்டது. சற்று நேரத்தில் பேசும் ஒலியும் கேட்டது. மாலையில் மாமாவின் மகன் என்னை மையவாடிக்கு அழைத்துச் சென்றார். ஸலாம் சொல்லி, யாஸீன் ஓதி, மாமாவுக்காகவும் எனக்காகவும் பிழைபொறுக்கத் தேடினேன்.

நான்கு நாள்களுக்குப் பின் திரும்பும்போது கப்பலிலேயே அஸர் நேரம் வந்தது. பயணிகள் என்பதால் இரண்டு ரக்அத். வடக்கு நோக்கி வருவதால் கிப்லா இப்போது இடப்பக்கம். அம்மாவுக்குத் தலைசுற்றல் இருந்ததால் அமர்ந்து தொழுதார்கள். நான் நின்று தொழுதேன்.

சகோதரர்களே, கடல் கடந்து உறவுள்ள குடும்பங்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்காகச் சில வார்த்தைகள். வீட்டில் உள்ள முதியவர்களுக்குப் பாஸ்போர்ட்டை இப்போதே எடுத்துவையுங்கள். தேவை வந்த பின் விண்ணப்பித்தால் பருவம் காத்திருக்காது. சுற்றத்தாரைக் காணச் செல்வதற்கு ஷஅபானுக்கோ ஷவ்வாலுக்கோ நாள் குறிக்குமுன் பருவத்தைப் பாருங்கள். நம் ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்பவை, காற்று அப்படி நகர்வதில்லை. நவம்பரில் கப்பல் உண்டா என்று கேட்டுக்கொண்டிராமல் பிப்ரவரிக்குப் பின் திட்டமிடுங்கள். புறப்படுமுன் அன்றைய அறிவிப்பை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனால் நோயாளி ஒருவர் உங்களுக்காகக் காத்திருந்தால் கடல் அடங்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கடனோ கைமாற்றோ வாங்கி விமானத்தில் போவதும் அந்தக் கயிற்றைக் கட்டுவதில் சேர்ந்ததே. கப்பலுக்கு மவ்சிம் உண்டு. உறவைச் சேர்ந்து வாழ்வதற்கு மவ்சிம் கிடையாது.

அந்த மாணவனின் கேள்விக்கு மறுநாள் மீதி விடையையும் சொன்னேன். “குறைஷிகள் காலம் பார்த்தார்கள், உண்மைதான். ஆனால் காலம் வந்ததும் புறப்பட்டும் விட்டார்கள்” என்றேன்.

யா அல்லாஹ்! எங்கள் மாமாவின் கப்ரை விசாலமாக்கி ஒளியால் நிரப்புவாயாக! பிரிந்து கிடக்கும் உறவுகளை இவ்வுலகிலேயே ஒன்றுசேர்ப்பாயாக! எங்கள் சோம்பலை உன் நாட்டத்தின் பெயரால் மறைத்துக்கொள்ளும் பழக்கத்திலிருந்து எங்களைக் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.