இழுப்பு நோயும் வைத்தியர் கடமையும்

பிழைப்பு நாடிக் கொச்சிக் கோட்டையிலும் மட்டாஞ்சேரியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஆஸ்துமா என்னும் இழுப்பு நோயின் இன்னலை அறிந்த வீடுகள் பல. மழைக்காலத்தில் சுவரெங்கும் படரும் பூஞ்சணமும், கிடங்குகளில் மிளகும் சுக்கும் புடைக்கும்போது எழும் தூசியும் அந்நோயைத் தூண்ட வல்லவை. நள்ளிரவில் குழந்தை மூச்சுக்குத் திணறுவதைக் கண்டிருக்கும் பெற்றோரின் வேதனை சொல்லுந்தரமன்று.

நாம் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கிறோம். நம் மூத்த மகனுக்கு ஆறாம் வயதில் இந்நோய் கண்டது. முதலில் பார்த்த வைத்தியர் நோயைச் சரியாகவே கண்டறிந்தார். இரண்டு இன்ஹேலர்களை எழுதிக்கொடுத்து, "மனசிலாயோ?" என்று மலையாளத்தில் வினவினார். தலையசைத்தோம். வெளியே பெருங்கூட்டம் காத்திருந்தது. எதை நாள்தோறும் இழுப்பது, எதை மூச்சு முட்டும்போது இழுப்பது என்று எவரும் விளக்கவில்லை. அவ்வாண்டு மழைக்காலத்தில் மட்டும் மும்முறை இரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பின்னர் வாய்த்த வைத்திய அம்மையார் புதிய மருந்தொன்றும் எழுதவில்லை. "வீட்டில் கொடுப்பதுபோல் என் எதிரில் கொடுத்துக் காட்டுங்கள்" என்றார். மருந்தில் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடுவதைக் கண்டுகொண்டார். ஸ்பேசர் என்னும் குழலைப் பொருத்தி, பையனையே இழுக்கச் செய்தார். நீலநிற இன்ஹேலர் அவசரத்துக்கு. மற்றது நலமாயிருக்கும் நாளிலும் காலை மாலை இரு வேளையும். அதன்பின் வாய் கொப்பளித்தல் வேண்டும். அவசர மருந்துக்கும் அடங்காமல் பேச்சுத் தடைப்பட்டால் உடனே ஆஸ்பத்திரி. இவற்றை நம் இல்லாள் தமிழில் எழுதிக்கொள்ள, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இது பழகிவிட்டால் விடாதே" என்று நம் தாயார் அஞ்சினார். அதையும் அம்மையார் அலட்சியம் செய்யவில்லை. அவசர மருந்தாகிய சால்புட்டமாலில் 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, 100 மைக்ரோகிராம் வீதம் 40 முறை இழுப்பதற்குச் சமம் என்று கணக்கிட்டுக் காட்டினார். தாயாரின் அச்சம் தணிந்தது.

அழுத்தி இழுக்கும் இன்ஹேலர் 1956இல் விற்பனைக்கு வந்தது. பெரியோரும் வளரிளம் பருவத்தினரும் அவசர மருந்தை மட்டுமே நம்பியிருத்தல் தகாது என்று 'ஜினா' என்னும் உலக ஆஸ்துமா அமைப்பு 2019இல் அறிவுறுத்தியது. கருவியும் உண்டு, அறிவும் உண்டு. அவை நோயாளியின் கைக்கு வந்து சேரும் வழியே குறுகியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஐதராபாத்தில் ஒரு குடும்பத்தினர் உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து, இழுப்பு நோயாளிகளை விழுங்கச் செய்கின்றனர். அதற்கு விஞ்ஞானச் சான்று இல்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ரயிலேறிச் செல்கின்றனர். அவர்களை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. அங்கே ஒருவர் தம் கையாலேயே மருந்தூட்டுகிறார். பத்தியமும் சொல்லி அனுப்புகிறார். மெய்யான மருந்தைத் தரும் வைத்தியர்களும் அவ்வாறு அருகிருந்து காட்டினால் எத்துணை நலம்!

ஆதலின் வைத்தியப் பெருமக்களை வேண்டுகிறோம்: "புரிந்ததா?" என்று கேளாதீர்கள், "செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். நோயாளியின் அச்சம் யாதென்று வினவுங்கள். நோயாளி அறிந்த மொழியில் நான்கு வரி எழுதித் தாருங்கள்.

சங்கத்து அன்பர்களுக்கும் ஒரு சொல். அடுத்த முறை வைத்தியரிடம் செல்லுங்கால் சீட்டை மட்டுமன்றி இன்ஹேலரையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் கேளாவிடினும், "ஐயா, இழுக்கிறேன், பாருங்கள்" என்று சொல்லுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.