புதுச்சேரிப் பொறியாளர்களின் நாட்காட்டி

செப்டம்பர் 15

மோட்சகுண்டம் விசுவேசுவரையா 1861இல் பிறந்த இந்நாள் நாடெங்கும் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுவதால், ஊர்தோறும் உள்ள பொறியாளர் சங்கங்களுக்கு ஆண்டின் பெருவிழாவும் இதுவே ஆகிறது. இச்சங்கங்களுள் முதன்மையான இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920இல் சென்னையில் பதிவுபெற்று, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு, 1935இல் அரச சாசனமும் பெற்றது. அதன் மாநில மையங்களுள் ஒன்று புதுச்சேரியில் இயங்குகிறது. அரச சாசனம் என்பது ஒரு தொழிலமைப்புக்கு அரசர் தம் பெயரால் வழங்கும் சட்டத் தகுதியாகும். 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' என்னும் பட்டம் அச்சொல்லிலிருந்தே பிறந்தது.

சங்கம் என்றாலே சிறப்புச் சொற்பொழிவு என்றாகிவிட்டது. விருந்தினர் அறிமுகமும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் முதல் அரைமணியை எடுத்துக்கொள்ள, கேள்வி நேரத்துக்கு எஞ்சுவது தேநீர் ஆறுவதற்குள் முடியும் சில நிமிடங்களே என்பது பெரும்பாலான ஊர்களின் நிலை. விசுவேசுவரையாவைப் பற்றிய புகழுரைகளும் அவ்வாறே பொதுவாக நின்றுவிடுகின்றன. புணே அருகே கடக்வாசலா நீர்த்தேக்கத்தில் 1903இல் அவர் பொருத்திய மதகுக் கதவுகள், நீர்மட்டம் வரம்பைக் கடந்தவுடன் ஆள் துணையின்றித் தாமே திறந்து, மட்டம் தாழ்ந்ததும் தாமே மூடிக்கொண்டன. அந்த இயக்கத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஓர் உரை பத்துப் புகழுரைகளுக்கு ஈடாகும்.

நவம்பர் 29

2014இல் இந்நாளில், தொடர்மழைக்கிடையே, கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. மேரி என்பது பிரெஞ்சு மொழியில் நகராட்சி மன்றத்தைக் குறிக்கும். 1870களின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் அது. அக்காலத்துப் புதுச்சேரிக் கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுந்தவை. அவற்றின் மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்' எனப்படும்: தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து மேலே இட்டு, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பாவி முடிக்கும் முறை. நீர் கசிந்தால் முதலில் கெடுவது உத்தரத்தின் சுவருக்குள் புதைந்த முனை; அது கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் இத்தகைய தளத்துக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

மேரி பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டது. அதன் திறப்பைவிட அதன் வீழ்ச்சியே பொறியாளர்கள் கூடிப் பேசத் தகுந்த பொருள். விழுந்த கட்டடம் நிற்கும் கட்டடத்தைவிட வெளிப்படையாகப் பேசுகிறது.

டிசம்பர் 14

தேசிய ஆற்றல் சேமிப்பு நாள். சங்கங்களில் மின்விளக்கு, சூரியத் தகடு பற்றிய உரைகள் வழக்கம்போல் நடைபெறும் இந்நாளுக்குப் புதுச்சேரியில் ஆயத்தமான பாடநூல் ஒன்று உண்டு: அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்ட். செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசேக் சம்மரும் உடனிருந்து 1930களின் பிற்பகுதியில் தொடங்கப்பெற்ற இது, இந்தியாவின் தொடக்ககாலக் கம்பிக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. நீண்ட முகப்புகள் வடக்கும் தெற்கும் நோக்க, சாளரங்களுக்குப் பதிலாகத் திறந்து மூடக்கூடிய கிடைமட்டத் தகடுகள் சுவர் முழுவதும் அமைந்திருப்பதால், வெயில் வெளியே நிற்கிறது, கடற்காற்று உள்ளே வருகிறது. குளிரூட்டும் கருவி இல்லை.

மறுநாள் டிசம்பர் 15, விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை 1879இல் திறக்கப்பட்ட நாள்.

மார்ச் 6

உலகப் பொறியியல் நாளான மார்ச் 4 கழிந்து இரண்டு நாளில் வரும் இத்தேதியில், 2022ஆம் ஆண்டு, பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்தது. 1866இல் கட்டிய முந்தைய பாலம் 1952 புயலில் அழிந்தபின், அதற்கு ஈடாகக் கட்டப்பெற்றது இது.

இப்பாலத்தின் கதையைத் தனியே சொல்ல இயலாது. கடற்கரை மணலின் கதையோடு சேர்த்தே சொல்ல வேண்டும். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறினாலும் ஆண்டுக்கணக்கில் மணல் வடக்கு நோக்கியே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது அந்த மணல் தெற்கே தேங்கியது. வடக்கே நகரின் கடற்கரை கருங்கல் குவியலாயிற்று. கல் கொட்டுவதும் தூண்டில் வளைவு அமைப்பதும், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் கல்லணை நீட்டுவதும், ஓரிடத்தைக் காத்து அரிப்பை அடுத்த ஊருக்கு அனுப்புவதால், இழப்பு தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என வடக்கே சென்றுகொண்டிருக்கிறது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்தின் அருகே நீருக்குள் இரும்பு அமைப்பு ஒன்றை மூழ்கவைத்து அலையின் வேகத்தைத் தணித்தபின், அப்பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. இது பெருமைக்குரியது, ஆயினும் துறைமுகத்தில் தேங்கும் மணலைத் தொடர்ந்து வடக்கே கடத்தாதவரை இது பாதித் தீர்வே. இதைப் பற்றிய சங்கக் கூட்டத்துக்குப் பேராசிரியரோடு குருசுக்குப்பம் மீனவர் ஒருவரையும் விருந்தினராக அழைப்பது முறையாகும்.

மார்ச் 22

உலகத் தண்ணீர் நாள். நகருக்கு முத்திரப்பாளையத்திலிருந்து குடிநீர் கொணர்ந்த பணி மூன்றாம் நெப்போலியன் காலத்தது. அதைச் செய்தவர் தலைமைப் பொறியாளர் லமெரெஸ். அவரே தென்னிந்திய மக்கள் பாடல்களைப் பிரெஞ்சில் ஆக்கி 1867இல் வெளியிட்டார். பின்னர் காமசூத்திரத்தையும் மொழிபெயர்த்தார். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டியதாகக் கதைகள் சொல்லும் ஆயி என்னும் கணிகையின் பெயரால், அந்த நீர்வழியின் நினைவாக நகரின் பூங்கா ஒன்றில் மண்டபம் எழுந்தது. புதுச்சேரி அரசின் முத்திரையில் இன்று இருப்பது அந்த ஆயி மண்டபமே.