செம்பட்டுத் துணியொன்று

சீன தேசஞ் சென்று மீண்ட நண்பரொருவர், எமது வீட்டுக் குழந்தைக்கென ஒரு சிறு பொதியைத் தந்தார். அவிழ்த்துப் பார்த்தோம்: கையகலச் சிவப்புப் பட்டு, அதன் மூலைகளில் நாடாக்கள். "இதென்ன, லேஞ்சிக்கு நாடா கட்டிக் கிடக்கு!" என்று ஆச்சி நகைத்தார். அது உள்ளுடுப்பு என்றறிந்ததும் அந்நகைப்பு இரட்டித்தது. குடும்பப் பகுதியிலே இதனைப் பற்றி எழுதலாமோ என்ற ஐயம் எமக்கும் எழுந்ததுண்டு. ஆயினும், அத்துணியின் கதையை அறிந்தபின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை.

அதன் பெயர் 'டூடோ'. வயிற்றைப் பொதிவது என்பது பொருள். சாய்சதுரத் துணியின் மேல்மூலையைக் கழுத்திலே மாட்டுவர். பக்க நாடாக்களை முதுகிலே முடிவர். கீழ்மூலை கொப்பூழை மூடித் தொங்கும். முதுகு வெறுமையாகவே இருக்கும். வயிற்றிலே குளிர் புகுந்தால் நோய் வரும் என்பது சீனர் நம்பிக்கை. ஆதலின் சிங் அரச மரபினர் ஆண்ட காலத்தில் (1644–1912) பெண்களும் குழந்தைகளும் மட்டுமன்றி ஆடவரும் இதனை அணிந்தனர்.

மணப்பெண்ணின் துணியிலே தாமரையும் இணைபிரியா வாத்துக்களும் பூக்கும். குழந்தையின் துணியிலோ பாம்பு, தேள், பூரான், தேரை முதலிய நச்சுயிர்கள்! ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாட் பண்டிகையன்று இதனை அணிவித்தால் தீங்கு அணுகாதாம். நஞ்சை நஞ்சால் வெல்லுங் கருத்துப் போலும். எம் தாய்மார் கன்னத்தில் இடும் கரும்பொட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த 'செம்மாடக் கனவு' என்னும் பெருங்கதையின் 36ஆம் அத்தியாயத்தில் ஓரிடம் எம்மை மிகவுங் கவர்ந்தது. இளைஞன் பாவோயூ டூடோ அணிய மறுக்கிறான். பணிப்பெண் சீரென், அழகிலே மயங்கியாவது அணியட்டும் என்று அதில் நுணுக்கமாகப் பூவேலை செய்கிறாள். இரவிலே போர்வையை உதைத்தெறிந்தாலும் அவன் வயிறு குளிராதல்லவா! அவள் வெளியே சென்ற வேளை, அங்கு வந்த உறவுப் பெண் பாவோசாய், தையலின் அழகிலே தன்னை மறந்து, உறங்குபவன் அருகமர்ந்து தானே ஊசியை ஓட்டுகிறாள். அவள் உள்ளத்தைக் காட்ட வேறு சொல் வேண்டுமோ?

ஆனால் இக்கதை முழுவதும் இனியதன்று. பின்வந்த நாகரிகம், தட்டையான மார்பே பெண்ணுக்கு அடக்கம் என்றது. நெருக்கமாகப் பொத்தான் வைத்த இறுக்கமான சிறு அங்கியுள் மாணவிகளுங்கூட மார்பை ஒடுக்கினர். மூச்சுத் தடைப்படும், பால் சுரப்புக் கெடும் என்று அறிந்தோர் எச்சரித்தனர். 1927இல் குவாங்டொங் மாகாண அரசு இவ்வழக்கத்தைத் தடைசெய்தது. விடுவதற்கு மூன்று மாதத் தவணை, மீறினால் அபராதம். இருபது வயதுக்குட்பட்டவளாயின் தண்டம் பெற்றோருக்கே! அவ்விதி எமக்குப் பெரிதும் பிடித்தது. பெண்பிள்ளைக்கு அங்கியை இறுக்கிப் பூட்டிய கை பெரும்பாலும் யாருடையது என்பதை அதனை எழுதியவர் அறிந்திருந்தார்.

சென்ற கிழமை குழந்தைக்குச் சளி பிடித்தது. ஆச்சி அலுமாரியைத் திறந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்தார். நாடாவை முடிந்தார். பின்னர் முடிச்சுள் ஒரு விரலை விட்டுப் பார்த்து, சற்றே தளர்த்திவிட்டார்.