சுவரோடு சுவர் ஒட்டிய சொற்கள்

டென்மார்க்கில் ஒரு பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. நாலு சொல் வரவேண்டிய இடத்தில் ஒரே சொல்; நடுவில் கண் இளைப்பாற ஓர் இடைவெளி கிடையாது. நான் மும்பை டிராம்பே பக்கத்துச் சீத்தா கேம்ப்காரன். 1976-இல் ஜனதா காலனியை இடித்து எங்கள் ஜனங்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒருவர் வீட்டுச் சுவரே அடுத்தவருக்கும் சுவர். டேனிஷ் சொற்களும் அப்படித்தான் குடியிருக்கின்றன.

யூட்லாண்டில் ஹெர்னிங் நகரத்தில் ஓர் ஈழத்தமிழர் வீட்டில் தங்கியிருந்தேன். 1980-களில் போருக்குத் தப்பி வந்தவர்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் வேரூன்றி, ஹெர்னிங்கில் பிள்ளையாருக்கும் பிராண்டேயில் அபிராமிக்கும் கோயில் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்தான் எனக்கு வாத்தியார்.

கடையில் கண்ணாடிக் கோப்பை அடுக்கியிருந்த தட்டின் முன்னால் முதல் பாடம். வைன் கோப்பை என்றால் ‘வீன்கிளாஸ்’. சிவப்பு வைன் கோப்பை என்றால் ‘ரொத்வீன்ஸ்கிளாஸ்’. நடுவில் ஒரு ‘ஸ்’ எங்கிருந்து முளைத்தது? ‘ரொத்வீன்’ ஏற்கெனவே இரண்டு சொல் சேர்ந்தது. மூன்றாவது வந்து ஒட்டும்போது, சிவப்பு வைனுக்குத்தான், கோப்பைக்கு இல்லை என்று அந்த ‘ஸ்’ பிரித்துக் காட்டிவிடுகிறது. வாழையும் பழமும் சேரும்போது மிகும் நம் ‘ப்’புக்குத் தூரத்து உறவு. சில சொற்களுக்கு ‘எ’ போதும்: ‘யூல்’ என்றால் கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ் மரம் ‘யூலெத்ரே’.

பொருளுக்கு வாலைப் பிடிக்க வேண்டும். கடைசிச் சொல்தான் எஜமான். டேனிஷ் பெயர்ச்சொற்களுக்கு இரண்டு பால் உண்டு. வீன் ஒரு பால், கிளாஸ் இன்னொரு பால். சேர்ந்தால் கிளாஸின் பால்தான் செல்லும், பன்மையும் அதன்படியே.

உச்சரிப்புக்கோ தலையைப் பிடிக்க வேண்டும். “முதல் சொல்லில நல்லா அழுத்துங்கோ மாமா. மிச்சத்தை விட்டிடுங்கோ, அது தன்ரபாட்டில ஓடும்.” ‘வீன்’ என்று தனியாகச் சொல்லும்போது தொண்டையை ஒரு கணம் இறுக்கி விடுகிறார்கள், ‘ஸ்டோத்’ என்று அதற்குப் பெயர். ‘வீன்கிளாஸ்’ ஆனதும் அந்த இறுக்கம் போய்விடுகிறது.

இடைவெளிக்கும் இங்கே விலை உண்டு. ‘டான்ஸ்க் லேரர்’ என்று பிரித்தால் டென்மார்க்குக்கார ஆசிரியர். சேர்த்து எழுதி, முன்னால் மட்டும் அழுத்தினால் டேனிஷ் மொழி கற்பிக்கும் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் இரண்டாவது வகை ஆசிரியர் ஆகலாம்.

நீளமான சொல்லுக்கு உதாரணமாக அவர்கள் எடுத்துக்காட்டும் ஒன்றில் 51 எழுத்து. சிறப்பு மருத்துவர்களின் மருத்துவத் தொழில் திட்டமிடலை நிலைப்படுத்தும் காலம் என்று பொருள். பேச்சில் யாருக்கும் தேவைப்படாத சொல். ஆனாலும் வாலில் இருக்கும் ‘பெரியோதெ’யைப் பிடித்தால், இது ஏதோ ஒரு காலத்தைப் பற்றியது என்பது உடனே தெரிந்துவிடும்.

ஊருக்கு மேற்கே 2022-இல் திறந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது பலகையை நானே படித்தேன்: ‘ரெகியோன்ஸ்ஹொஸ்பிதேலெத்’. ரெகியோன், அதன்பின் ‘ஸ்’, அதன்பின் ஹொஸ்பிதேல். கடைசி ‘எத்’, ‘அந்த’ என்று சுட்டுகிற விகுதி. ‘யோன்’னில் அழுத்தி மிச்சத்தை ஓடவிட்டேன்.

“சரி மாமா, இனி அந்த ‘ர’வைத் தொண்டையிலயிருந்து எடுங்கோ” என்று அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டாள்.